கெல்லிவில் வழியாகப் போன பெட்டி

அந்தப் புதன்கிழமை நடந்தவை, வரிசையாக:

1. வழக்கம்போல மதியத்துக்குப் பிறகு, இல்லாத குடும்பங்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கும் பேண்ட்ரியைத் திறந்தோம். எங்கள் அலுவலகத்திலிருந்து நான்கு பேர் போயிருந்தோம்.
2. முதல்முறையாக வரும் ஒரு குடும்பத்துக்கு, பள்ளி விடுவதற்குச் சற்று முன்பாக நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது.
3. அந்த நேரத்துக்கு ஒரு பெண் உள்ளே வந்தார்.
4. எங்களில் ஒருவர் அவரை அடையாளம் கண்டு, கையில் ஓர் ஏப்ரனைக் கொடுத்தார்.
5. அவர் அதைக் கட்டிக்கொண்டு, மூடும் நேரம் வரை எங்களோடு வேலை செய்தார்.
6. ஒதுக்கிய நேரத்துக்கு வேறு யாரும் வரவில்லை.

ஆறையும் ஒரே பார்வையில் படித்தால் உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும். அங்கே நின்றுகொண்டிருந்த எங்களுக்கு அவை ஒவ்வொன்றாகத்தான் நடந்தன.

நான் பரமட்டாவில் நம் அலுவலகத்தில் மென்பொருள் சோதனைப் பிரிவில் இருப்பவள் என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த மாதம் மெல்பர்ன் கிளைக்கு மாறிப் போகிறேன். புதன்கிழமைக் குழுவை இனி நீங்கள் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். எந்தப் பொருள் எந்த அலமாரியில், காலாவதித் தேதியை எப்படிப் பார்ப்பது, சாவியை யாரிடம் கொடுப்பது என்பதெல்லாம் பொதுக் கோப்பில் எழுதிவைத்திருக்கிறேன். அவற்றைத் திரும்பச் சொல்லவில்லை. கோப்பில் எழுத முடியாத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இதில் வரும் பெண்ணிடம் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க, ஆனா பேரை மாத்திடுங்க, இன்னும் ரெண்டு மூணு விஷயத்தையும் மாத்திடுங்க" என்றார். மாற்றியிருக்கிறேன். சுகந்தி என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரன் கொடுத்தவர் தன் பெயரை மாற்ற வேண்டாம் என்றார். இருந்தாலும் மாற்றிவிட்டேன். அவர் வெங்கட்.

நம் பேண்ட்ரி ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. சுற்றுவட்டாரத்து அரசுப் பள்ளிகள் சில சேர்ந்து அதை நடத்துகின்றன. பழைய தற்காலிக வகுப்பறை ஒன்று, முன்னால் பெரிய அறை, பின்னால் சின்ன அறை. அரிசி, பருப்பு, எண்ணெய், டின் கடலை, பால், குழந்தைகளுக்கு டயப்பர், பள்ளி ஸ்வெட்டர், தொப்பி, ஷூ. மாதக் கடைசியை எட்ட முடியாத குடும்பங்கள் பள்ளி மூலமாக நேரம் வாங்கிக்கொண்டு வந்து எடுத்துப்போவார்கள். யார் வருகிறார்கள் என்பது பள்ளியின் குடும்பத் தொடர்பு அலுவலருக்கு மட்டும் தெரியும். எங்களுக்குப் பெயர் வராது. 'புதுக் குடும்பம், ஒரு பையன், கறுப்பு ஷூ வேண்டும், பாத அளவு கொண்டுவருவார்கள்' என்ற அளவில் ஒரு வரி வரும்.

பாத அளவைப் பற்றி ஒரு வார்த்தை. நன்கொடையாக வரும் ஷூக்களில் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஓர் அளவு முறை. குழந்தையைக் கூட்டிவந்து எல்லோர் முன்னாலும் போட்டுப் பார்க்க வைக்க வேண்டாம் என்பதற்காக, பிள்ளையின் காலைக் காகிதத்தில் வைத்து வரைந்து வெட்டிக் கொண்டுவரும்படி தொடர்பு அலுவலர் சொல்லியிருப்பார். அந்தக் காகிதப் பாதத்தை ஷூவுக்குள் விட்டுப் பார்த்தால் போதும்.

இங்கே வரும் குடும்பங்களில் பல தமிழ் பேசுபவை என்பதால், நிறுவனம் தமிழ் பேசும் நம் குழுவை இங்கே அனுப்பியது. நியாயமான யோசனை. மொழி தெரிந்தால் நல்லதுதானே. எங்களுக்குத் தெரிந்தது மொழி மட்டும் அல்ல என்பதுதான் சங்கடம். மொழியோடு சேர்ந்து வரும் எல்லாமும் தெரிந்திருந்தது. ஒரு தமிழர் இன்னொரு தமிழரைப் பார்த்ததும் என்ன கேட்போம்? எந்த ஊர், எப்ப வந்தீங்க, எங்க வேலை, எந்த ஏரியாவுல வீடு. ஹோம்புஷில் தோசை சாப்பிடப் போனாலும் பக்கத்து மேஜைக்காரரிடம் இந்த நான்கையும் கேட்டு முடிப்பதற்குள் காபி வந்துவிடும். கேட்காமல் இருப்பதுதான் மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

வெங்கட் இதில் மன்னர். அலுவலகத்தில் எனக்கு இரண்டு படி மேலே இருக்கும் மேலாளர். கெல்லிவில்லில் வீடு. குரலும் பெரியது, மனதும் பெரியது. அரிசி மூட்டை தூக்க முதலில் ஓடுகிறவர் அவர்தான். ஆரம்ப நாட்களில், படகில் வந்து விசா முடிவுக்காகக் காத்திருக்கும் ஓர் ஈழத்துக்காரரிடம் அரிசியை நீட்டிக்கொண்டே அந்த நான்கு கேள்விகளையும் ஆரம்பித்தார். அவர் பையைக் கையில் வாங்காமலே நிதானமாகக் கேட்டார்:

"தம்பி, சோறு தாறதுக்கு முதல் சாதகமும் பாப்பீங்களோ?"

எல்லோரும் சிரித்தோம், வெங்கட்தான் அதிகமாகச் சிரித்தார். அந்த மனிதரும் சிரித்துக்கொண்டே போனார். அதற்குப் பிறகு அவர் புதன்கிழமைகளில் வரவில்லை, வேறு நாளுக்கு மாற்றிக்கொண்டார் என்று தொடர்பு அலுவலர் பிறகு சொன்னார். நாங்கள் அதை நகைச்சுவையாக மட்டும் எடுத்துக்கொண்டிருந்தோம்.

இனி அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

சுகந்தி கதவருகே வந்து நின்றபோது நான் உள்ளே டின்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். நல்ல குர்தா, வாரிய தலை, தோளில் கைப்பை. நான் வாயைத் திறப்பதற்குள் வெங்கட் திறந்துவிட்டார்.

"அட! நம்ம அரவிந்த் வீட்டம்மா! நீங்களும் வந்துட்டீங்களா?"

அவர் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

"அனிதா சொன்னாளா? போன பாட்லக் விருந்துல இதப்பத்திதான் எல்லார்கிட்டயும் பிரசங்கம் பண்ணிட்டிருந்தா. யாருமே வர மாட்டாங்கன்னு நெனச்சேன். சூப்பர்! இந்தாங்க."

அனிதா என்பது வெங்கட்டின் மனைவி. இந்தாங்க என்று அவர் நீட்டியது நிறுவனத்தின் பச்சை ஏப்ரன். சுகந்தி அதை வாங்கினார். கழுத்தில் மாட்டினார். பின்னால் முடிச்சுப் போடும்போது கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"பைய அங்க வெச்சுடுங்க, யாரும் எடுக்க மாட்டாங்க" என்றார் வெங்கட்.

"பரவால்ல, இருக்கட்டும்."

"அரவிந்த் எப்படி இருக்காரு? இன்னும் ஒர்க் ஃப்ரம் ஹோம்தானா? குடுத்து வெச்சவரு. நாங்க எம் டூ ரோட்டு டிராஃபிக்ல தினம் சாகறோம்."

"ஆமா" என்றார் சுகந்தி. "வீட்லதான் இருக்காரு."

"சுகந்தி, எங்க கெல்லிவில்தான்" என்று அறிமுகப்படுத்தி, அவரை என் மேஜைக்கு அனுப்பினார் வெங்கட். நானும் அவரும் டின்களின் தேதியைப் பார்த்து, நெளிந்தவற்றைத் தனியே எடுத்தோம். அவர் வேகமாகவும் சுத்தமாகவும் வேலை செய்தார். புதியவர்கள் கேட்கும் கேள்விகள் எதுவும் கேட்கவில்லை. இரண்டு முறை கதவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நான் எதிர்பார்த்தது அந்தப் புதுக் குடும்பத்தை. ஒதுக்கிய நேரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

கீழ்த்தட்டில் உருண்ட ஒரு டின்னை எடுக்க அவர் குனிந்தபோது கைப்பை முன்னால் சரிந்து வாய் திறந்தது. உள்ளே ஒரு காகிதப் பாதம் இருந்தது. இந்தியக் கடையில் இலவசமாகக் கொடுக்கும் காலண்டரின் தாளில் வெட்டியது. ஐந்து விரல்களையும் வளைத்து வளைத்து, பொறுமையாக வெட்டியிருந்தார்கள்.

அவர் நிமிர்வதற்குள் நான் வேறு பக்கம் பார்த்துவிட்டேன்.

சோதனை வேலையில் நான் பழகியது இது. ஒரு பிழையைக் கண்டால் முதலில் கையை எடுத்துவிட வேண்டும், எதையும் தொடக்கூடாது, என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பார்த்தேன். தனியே கூப்பிட்டுப் பேசலாம். வெங்கட் பத்தடியில் நிற்கிறார், 'என்ன ரகசியம்?' என்று வந்துவிடுவார். மேஜையிலேயே மெல்லக் கேட்கலாம். அப்படிக் கேட்டால் முன்பின் தெரியாத என்னிடம் அவர் ஆமாம் என்று சொல்லியாக வேண்டும். அந்த ஆமாம் வேண்டாம் என்பதற்காகத்தானே ஏப்ரனையே கட்டிக்கொண்டிருக்கிறார். ஒன்றும் செய்யாமல் இருந்து தொடர்பு அலுவலரிடம் பிறகு சொல்லலாம். அவர் அன்று வேறொரு பள்ளியில் கூட்டத்தில் இருந்தார், போன் எடுக்கவில்லை. காத்திருந்தால், இந்தப் பெண் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார். திரும்பி வரவே மாட்டார். பையன் பழைய ஷூவிலேயே பள்ளிக்குப் போவான். வீட்டில் அரிசி எந்த நிலையில் இருக்கிறதோ.

தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால் அரசு உதவித்தொகை கிடையாது என்பது உங்களில் பலருக்கு அனுபவத்திலேயே தெரியும். கெல்லிவில் வாடகை எவ்வளவு என்பதும் தெரியும். நான் கணக்குப் போடவில்லை. காகிதப் பாதம் போதுமானதாக இருந்தது.

"சுகந்தி, ஷூ அலமாரி கலைஞ்சு கெடக்கு" என்றேன். "பின்னாடி ரூம்ல. நீங்க கொஞ்சம் பாத்துக்கறீங்களா? கறுப்பு ஷூவெல்லாம் மேல் தட்டுல இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாக்கறேன்" என்று எழுந்து போனார். பின்னறைக் கதவு பாதி சாத்தப்பட்டது.

"நான் ஹெல்ப் பண்ணட்டுமா?" என்று வெங்கட் கிளம்பினார்.

"நீங்க அரிசிய இறக்கிடுங்க வெங்கட். அஞ்சு மூட்டை வெளியவே நிக்குது."

"உத்தரவு, டெஸ்டிங் மேடம்."

சுகந்தி திரும்பி வர நேரமாயிற்று. "அடுக்கிட்டேன்" என்று மட்டும் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். அலமாரி முழுக்க அளவு வாரியாக அடுக்கியிருந்தது. ஓரத்தில் ஒரு ஜோடி மட்டும் தனியாக, லேஸ்கள் ஒன்றோடொன்று முடிச்சிடப்பட்டு இருந்தது. அவர் அதைப் பையில் போட்டுக்கொள்ளவில்லை. பை பெரியதுதான், போட்டிருக்கலாம். எடுத்துவைத்துவிட்டு வந்திருந்தார்.

அந்த ஜோடியை ஒரு பெட்டியின் அடியில் வைத்தேன். அதன்மேல் அரிசி, பருப்பு, எண்ணெய், பால், ஆப்பிள். புதுக் குடும்பத்துக்கு வழக்கமாகக் கொடுப்பது எதுவோ அது முழுவதும். மூடும் நேரத்தில் பெட்டியை மேஜைமேல் கொண்டுவந்து வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"இன்னைக்கு வர வேண்டிய ஒரு குடும்பம் வர முடியல. பெட்டிய வீட்ல சேக்கணும். சுகந்தி, கெல்லிவில் பக்கம்தான். உங்க வழிதானே, இறக்கி விட்டுடறீங்களா?"

அன்றுவரை பேண்ட்ரியிலிருந்து யார் வீட்டுக்கும் எதையும் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை. அது எங்கள் நான்கு பேருக்கும் தெரியும், ஆனால் யாரும் கேட்கவில்லை. சுகந்திக்கு மட்டும்தான் தெரியாது.

அவர் பெட்டியைப் பார்த்தார். "சரி" என்று சொல்ல வாயெடுத்தார்.

"கெல்லிவில்லா?" வெங்கட் முந்திக்கொண்டார். "அவங்களுக்கு எதுக்கு சிரமம்? நான் போற வழிதானே! அட்ரஸ் குடுங்க, அஞ்சு நிமிஷ வேலை."

"வேண்டாம் வெங்கட்."

"என்ன வேண்டாம்? எந்தத் தெரு சொல்லுங்க. நம்ம ஏரியாவுல எனக்குத் தெரியாத தெருவா?"

கையைப் பெட்டியின் அடியில் விட்டுவிட்டார். தூக்கினால் தூக்கியதுதான். சுகந்தி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு யோசிக்க இருந்த அவகாசம் வெங்கட் முழங்கையை மடக்கும் நேரம்தான்.

"அந்த வீட்டுக்கு ஆம்பளைங்க வர வேண்டாம்னு சொல்லியிருக்காங்க" என்றேன்.

வெங்கட்டின் முகம் உடனே மாறியது. குரலைத் தாழ்த்தினார். "ஓ. சரி, சரி. புரியுது." பெட்டியைத் தூக்கினார், ஆனால் சுகந்தியின் காருக்குத்தான். டிக்கியில் பத்திரமாக வைத்து, ஆட்டிப் பார்த்து, மூடினார்.

"சுகந்தி, ஏதாவது உதவி வேணும்னா தயங்காம கேக்கச் சொல்லுங்க அவங்கள. அனிதா இருக்கா, நாங்கள்லாம் இருக்கோம். சொல்லுவீங்கல்ல?"

"சொல்றேன்" என்றார் சுகந்தி.

முகவரியை நான் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

மாலையில் தொடர்பு அலுவலரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒன்றைப் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லிவிடுவார்.

"பெட்டி குடுத்தது சரி. அந்தப் பொய் என்னத்துக்கு?"

"வேற என்னக்கா சொல்லியிருக்க முடியும்?"

"'வெங்கட், கையை எடும்' எண்டு சொல்லியிருக்கலாம்."

"அவர் என் மேனேஜருக்கு மேனேஜர்."

"ஒஃபிசிலை. இஞ்ச நீர்தானே பொறுப்பு?" பிறகு குரலைத் தணித்தார். "அந்தப் பிள்ளை நேரம் கேக்கவே மூண்டு முறை போன் எடுத்து எடுத்து வைச்சவ. தமிழ் ஆக்கள் ஆரும் இருப்பினமோ எண்டுதான் முதல் கேட்டவ. அண்டைக்கு உங்கட குழு வருமெண்டு நானும் யோசிக்கேல்லை. சரி விடும். ஆனா நீர் சொன்ன கதைக்குக் கால் இருக்கு, அது நடக்கும். பாரும்."

அடுத்த புதன் சுகந்தி எங்களுக்கு முன்பே வந்து காரில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் இறங்கினார். நான் எதுவும் சொல்லவில்லை. அவரே தொடங்கினார்.

"பெட்டியக் குடுத்துட்டேன்."

"நல்லது."

"ஷூ சரியா இருந்துச்சாம். கொஞ்சம் வளர்றதுக்கும் எடம் இருக்காம்."

"சந்தோஷம். இந்த வாரம் அவங்களுக்கு என்ன வேணுமாம்?"

"எண்ணெய் இருக்காம். அரிசிதான்." சற்று நின்று, "பால் கெடைச்சா நல்லாருக்குமாம்" என்றார்.

இருவரும் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் பேசினோம். பிறகு அவர் உள்ளே போய்த் தானாகவே ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டார். சும்மா வாங்கிப்போக விருப்பமில்லாததால் வேலை செய்கிறாரா, மறைப்பதற்காகச் செய்கிறாரா என்று அப்போது எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அலமாரிகளை எங்களில் யாரையும்விட ஒழுங்காக வைத்திருந்தார் என்பது மட்டும் உண்மை. வெங்கட்டையே ஒருநாள் அதட்டினார்: "கடலையையும் பீன்ஸையும் கலந்து வெச்சா யாரு பிரிக்கறது? உங்க வீட்ல அனிதா எப்படி விடறாங்க?" வெங்கட் பயபக்தியோடு பிரித்து வைத்தார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் தொடர்பு அலுவலர் சொன்னபடி கதைக்குக் கால் முளைத்திருந்தது.

பிறகு வந்த ஒரு புதனில் மேஜையைச் சுற்றி நின்று பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தோம். வெங்கட் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். அவர் தாழ்த்தினாலும் அடுத்த அறைக்குக் கேட்கும்.

"அந்த வீடு எதுன்னு அனிதா கண்டுபிடிச்சுட்டா."

"எந்த வீடு?" என்றேன்.

"ஆம்பளைங்க வரக்கூடாதுன்னு சொன்ன வீடுதான். நான் அனிதாகிட்ட மட்டும்தான் சொன்னேன். அவ லேடீஸ் குரூப்ல யாருன்னு பேர் இல்லாமத்தான் கேட்டிருக்கா, உதவி பண்ணலாமேன்னு. நம்ம ரேகா வீடாத்தான் இருக்கும்ங்கறாங்க. அவ புருஷன் கொஞ்சம் சத்தமாப் பேசற ஆளு. ரேகாவும் ரெண்டு பாட்லக்கா வரல. சனிக்கிழமை லேடீஸ் எல்லாம் சேந்து ரேகா வீட்டுக்குப் போய்ப் பேசறதா இருக்காங்க. தேவைப்பட்டா போலீஸ் வரைக்கும் போகணும்னு ஒருத்தங்க சொல்றாங்க."

என் கையில் டேப் ஒட்டிக்கொண்டது. நான் சொன்ன ஒரு வாக்கியம், எனக்கு முன்பின் தெரியாத ஒரு ரேகாவின் வாசலில் போய் நின்றுகொண்டிருந்தது. என்ன சொல்லி இதை நிறுத்துவது? 'அது ரேகா வீடு இல்லை' என்றால், 'அப்போ யார் வீடு' என்பார்கள். ஒவ்வொரு வீடாகக் கழித்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் மிச்சம் இருப்பது எந்த வீடு என்பது எனக்குத் தெரியும், எதிரில் நின்றவருக்கும் தெரியும்.

"வெங்கட், முதல்ல அனிதாவுக்குப் போன் பண்ணி—" என்று தொடங்கினேன்.

"ரேகா வீடு இல்ல" என்றார் சுகந்தி. டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, பெட்டியில் ஒட்டி, தடவிவிட்டார். "எங்க வீடு."

"உங்க வீடா?" வெங்கட்டின் குரல் இப்போது உண்மையிலேயே தாழ்ந்திருந்தது. "சுகந்தி... அரவிந்தா? அடிக்கறாரா?"

சுகந்தி சிரித்துவிட்டார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அவரா? கரப்பான்பூச்சியக்கூட அட்டையில ஏத்தி வெளிய விடற ஆளு. வேலை போயிடுச்சு. அவ்ளோதான். ஆம்பளைங்க வர வேண்டாம்னு யாரும் சொல்லல. இவங்க என்னக் காப்பாத்தறதுக்காகச் சொன்னாங்க."

"ஒர்க் ஃப்ரம் ஹோம்னு..."

"ஹோம் இருக்கு. ஒர்க் இல்ல."

சுகந்தி கட்டியிருந்த ஏப்ரனை வெங்கட் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "அன்னைக்கு நீங்க... வாங்க வந்தீங்களா?"

"ஆமா."

"நான் ஏப்ரனக் குடுத்தேன்."

"குடுத்தீங்க."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கலையே. நான் எதுக்கு வந்திருக்கேன்னு நீங்களே சொல்லிட்டீங்க." பிறகு, அவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, "விடுங்க. பிடிச்சிருந்துச்சு. வீட்ல உக்காந்து சுவரப் பாக்கறதுக்கு இது பரவால்ல" என்றார். "இப்ப அனிதாகிட்ட நானே பேசறேன். ரேகாகிட்ட யாரும் போகக் கூடாது. அவ பாட்லக்குக்கு வராதது அவ மாமியார் வந்திருக்கறதால."

வெளியே போய் போன் செய்தார். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கொடிக்கம்பத்தின் அருகில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே பேசினார். நிறையக் கேட்டார், கொஞ்சமாகப் பதில் சொன்னார். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. அழுதது அனிதாதானாம். "அவ அழறதக் கேட்டு எனக்கும் வந்துடுச்சு" என்றார்.

வெங்கட் அவரிடம் போய் நின்றார். "அரவிந்துக்கு நான் விசாரிக்கட்டுமா? எனக்குத் தெரிஞ்ச ரெண்டு மூணு கம்பெனி—"

"விசாரிங்க. ஆனா யார்கிட்டன்னு எங்கிட்ட கேட்டுட்டு விசாரிங்க."

"சரி" என்றார் வெங்கட். வேறு எதுவும் சேர்க்கவில்லை. அவரிடமிருந்து நான் கேட்ட மிகச் சிறிய வாக்கியம் அது.

இதிலிருந்து நீங்கள் எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கே முழுத் தெளிவில்லை. பெட்டியை அன்று அனுப்பியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்த வாக்கியத்துக்குப் பதிலாக 'வெங்கட், கையை எடுங்கள்' என்று சொல்லியிருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் எடுத்திருப்பார். என்னை முறைத்திருப்பார், மறுநாள் மறந்திருப்பார். மேலே இருப்பவரிடம் நேராக ஒரு சொல் சொல்லத் தயங்கி, அதற்குப் பதில் நாம் ஒரு நல்ல காரணத்தைத் தயாரிக்கும்போது, அதன் விலையை அங்கே இல்லாத யாரோ கொடுக்க நேர்கிறது. இங்கே சுகந்தி முன்வந்து கொடுத்தார். அவர் கொடுக்க வேண்டியதே இல்லை. இன்னும் மூன்று நாள் பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பேச்சு ரேகாவின் வீட்டோடு நின்றிருக்கும். யாருக்கும் தெரியாமலிருக்க ஏப்ரன் கட்டியவர், வேறொருத்திக்காக அந்த மறைவைக் கைவிட்டார்.

பிறகு சில மாற்றங்கள் செய்தோம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது இப்போது உண்மையிலேயே இருக்கிறது. விரும்பும் எந்தக் குடும்பமும் கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. தொண்டர்கள் எந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள் என்பதைத் தொடர்பு அலுவலருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். நேரம் ஒதுக்கும்போது அவர் அதைப் பார்த்துக்கொள்கிறார். அந்த ஈழத்துக்காரர் புதன்கிழமைக்குத் திரும்பியிருக்கிறார். முதல் நாள் உள்ளே வந்ததும் வெங்கட்டைப் பார்த்து, "என்ன தம்பி, இண்டைக்குச் சாதகம் வேண்டாமோ?" என்றார். வெங்கட், "பார்க்கிங் கெடச்சுதாண்ணே?" என்று மட்டும் கேட்டார். இப்போது எல்லோரிடமும் அது ஒன்றைத்தான் கேட்கிறார். காரில்லாமல் பஸ்ஸில் வருகிறவர்களிடமும் கேட்டுவிடுகிறார். அதைத் திருத்துவதை உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

கதவைத் திறந்து யார் வந்தாலும் 'வாங்க' என்று சொல்லுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். எதற்கு வந்தோம் என்பதை வந்தவர் சொல்லட்டும். உங்களுக்கு அந்த மௌனம் தாங்க முடியாததாக இருக்கும். எனக்கும் இருந்தது. டின்களை அடுக்கிக்கொண்டிருங்கள்.

இன்றைய நிலவரம் இது. அரவிந்துக்கு ஒரு நிறுவனம் விசா ஆதரவு தர ஒப்புக்கொண்டு விண்ணப்பம் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. பையனுக்கு அந்த ஷூ இன்னும் சேர்கிறது. சுகந்தி புதன்கிழமைகளில் வருகிறார், வேலை செய்கிறார், போகும்போது தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போகிறார். ஏப்ரன்கள் கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்குகின்றன. வேண்டியவர்கள் எடுத்துக் கட்டிக்கொள்கிறார்கள். யாரும் யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை.